துரிசு போடாத பசை

மைதா ஒரு கை, தண்ணீர் நாலு கை. முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். மீதித் தண்ணீர் கொதிக்கும்போது அதை ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், கை ஓயக் கூடாது. வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி மினுங்கத் தொடங்கும். அப்போது ஒரு சிட்டிகை உப்புப் போட்டு இறக்கிவிடலாம். ஆறினால் பசை. இரண்டு நாள் இருக்கும். புளித்த வாடை வந்தால் தூரக் கொட்டிவிட்டு வேறே கிண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இது கீழ்வீட்டுப் பெண் கேட்டு எழுதினது. அவள் பாங்க்கில் வேலை பார்க்கிறாள். அவளுடைய நாலு வயசுக்காரி எதைக் கண்டாலும் வாயில் வைப்பாள். பள்ளிக்கூடத்திலோ தினமும் வர்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். "கடைப் பசைன்னா பயமா இருக்கும்மா. நீங்க கிண்டறது எப்படின்னு எழுதித் தாங்களேன்" என்றாள். நான் மூன்றாம் கிளாஸோடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுத நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். எழுத வராது என்று இல்லை. பசை விஷயத்திலோ எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பசையில் ஒட்டினது பிரிந்து வந்தது என்று இந்த ஆரியசாலையில் ஒருத்தர் சொல்லட்டும், பார்க்கலாம்.

எழுதி முடித்த பிறகும் கை நிற்கவில்லை. மாமாவின் ஞாபகம் வந்துவிட்டது. அதனால் இதையும் எழுதுகிறேன்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஆரியசாலையில் எங்கள் ஒற்றை அறை வீட்டின் பின்பக்கச் சார்ப்பில் பாய் போட்டிருந்தார். பருப்புக் கடையில் கொஞ்ச நாள், ஓட்டலில் கொஞ்ச நாள் என்று போய்விட்டுக் கடைசியில் ஒரு சினிமாக் கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டுகிறவராக வந்து சேர்ந்தார். "ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டுதான், ஒரு வேலையில மட்டும் ஒட்ட மாட்டேங்கான்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆனால் அந்த வருஷம் மாமாவுக்கு ஒட்டிக்கொள்ள ஒரு காரணம் வந்திருந்தது. கோட்டாற்றில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, நிரந்தரமாக ஒரு வேலை இருந்தால் மேலே பேசலாம் என்று சொல்லியிருந்தார். கொட்டகை மேனேஜரும், அடுத்து வரும் பெரிய படத்துக்குப் போஸ்டர் ஒரு வாரம் சுவரில் நின்றால் மாமாவை வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். காக்கிச் சட்டை, மாசச் சம்பளம். அந்தப் படம் ஒரு வாரம் சுவரில் நின்றால் மாமாவுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அப்போது ஏழு வயசு.

சுவரில் நிற்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். பசுக்கள்தான் கஷ்டம். கிழக்கேகோட்டை வாசலில் பகலெல்லாம் ராஜ குடும்பத்து ஆட்கள் மாதிரிப் படுத்திருக்கும். வெயில் தாழ்ந்ததும் எழுந்து கடைத்தெருவைப் பார்க்கப் புறப்படும். மைதாப் பசையின் வாசனை அவற்றுக்குப் பாயச வாசனை. போஸ்டரின் ஒரு மூலை கிடைத்தால் போதும், படம் முழுக்க உரிந்து உள்ளே போய்விடும். அதற்காகத்தான் பசையில் துரிசு போடுவார்கள். மயில்துத்தம் என்கிறோமே, அதுதான். பார்க்க நீலக் கல்கண்டு மாதிரி இருக்கும், உடம்புக்கு விஷம். அதைக் கரைத்து ஊற்றிவிட்டால் பசு மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் தன் வழியே போய்விடும். மாமாவின் நகக்கண்ணெல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். சாப்பிட உட்காருமுன் புளியைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பார்.

வீட்டில் பசை கிண்டினால் முதலில் எனக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் துரிசைக் கரைப்பார். போஸ்டர் ஓரங்களில் வெட்டி எறியும் சிவப்பும் மஞ்சளுமான காகிதம் எனக்கு. நான் பூவும் மீனும் வெட்டி ஈர்க்கில் ஒட்டுவேன். அப்போது அம்மா நிறைமாசமாக இருந்தாள். வரப்போகிற பிள்ளையின் தொட்டிலுக்கு மேலே கட்ட மீன்கள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இனி என்னிடம் இருந்த ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வயசாகியும் நான் விரல் சூப்புவேன். வலது கை நடு இரண்டு விரல். அம்மா வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். பால்குடி மறக்கடிக்கத் தடவும் சென்னிநாயகத்தையும் தடவிப் பார்த்தாள், அது கசப்பிலும் கசப்பு. நான் பொறுமையாக அந்தக் கசப்பைச் சூப்பித் தீர்த்துவிட்டுப் பழைய ருசிக்கு வந்துவிடுவேன்.

பெரிய படத்தின் போஸ்டர் வந்த அன்று காலையில்தான் அம்மாவுக்கு வலி எடுத்தது. அப்பா அவளை ரிக்ஷாவில் ஏற்றிப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என்னை மாமாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் படம் வெளியாகிறது. பொழுது சாயுமுன் அத்தனை சுவரும் ஆக வேண்டும். மாமா என்னைப் பக்கத்து வீட்டில் விடப் பார்த்தார். நான் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரியே, "கூடக் கொண்டுபோயிரும் ஓய், இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய" என்று சொல்லிவிட்டாள்.

மாமா அண்டாவில் பசை கிண்டி வாளியில் ஊற்றி ஆற வைத்தார். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். வெதுவெதுவென்று இருந்தது. மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டுப் பார்த்தேன். எடுத்ததும் கை தன்னால் வாய்க்குப் போயிற்று. உப்பில்லாத கஞ்சி மாதிரி நன்றாகவே இருந்தது.

மாமா துரிசுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே வந்தார். "பிள்ளே, கையை எடு." துண்டால் என் கையைத் துடைத்துவிட்டார். தண்ணீர் எடுக்க உள்ளே போனார். திரும்பி வருமுன் என் கை மறுபடியும் வாளிக்குள்.

"போற வழியெல்லாம் இப்படித்தான் செய்வியா?"

"நானும் ஒட்டுவேன்" என்றேன்.

"ஒட்டிட்டுக் கையை எங்க வைப்பே?"

விரல் அதற்குள் வாயில் இருந்தது. மாமா பொட்டலத்தைப் பிரித்தபடி வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தை மடித்து ஓட்டுக்கடியில் செருகிவிட்டு, "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது, கேட்டியா" என்றார். அதை என்னிடம் சொன்னாரா, பசுக்களிடம் சொன்னாரா, தெரியாது.

அந்தச் சாயங்காலம் மாதிரி ஒன்று எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சைக்கிள் பாரில் நான், ஹாண்டில்பாரில் வாளி, பின்னால் சுருட்டிய போஸ்டர், மாமாவின் தோளில் சின்ன ஏணி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் நடந்தார். ஆரியசாலையில் இரண்டு, அட்டகுளங்கரையில் மூன்று, கோட்டைப் பக்கம் நாலு, ஸ்ரீவராகம் குளத்துக்குப் போகிற வழியில் ஒரு நீளச் சுவர். மாமா மேல்பாதிக்குப் பசை தடவுவார். கீழ்ப்பாதி என்னுடையது. தடவுவேன், விரலைச் சூப்புவேன், மறுபடி தடவுவேன். கதாநாயகி நடுவில் சுருக்கம் விழாமல் இறங்கி வந்து நிற்கும்போது மாமா நாலடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "உனக்கு நல்ல கை மக்கா. எனக்கே இவ்வளவு நிதானம் கிடையாது." அன்றைக்கு ஏறின கர்வம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

நடுவில் ஒரு கடையில் எனக்குப் பழம் வாங்கித் தந்தார். அதை உரித்துத் தரும்போது, "கோட்டாத்து மாமி வந்தா அவளுக்கும் நீதான் மீன் ஒட்டிக் காட்டணும்" என்றார். மாமி என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுச் சைக்கிள் மணியைக் காரணமில்லாமல் இரண்டு தடவை அடித்தார்.

விடிந்ததும் அப்பா வந்தார். தம்பி பிறந்திருந்தான். அப்பா ஒரு தூக்கம் போடப் படுத்துக்கொள்ள, மாமாவும் நானும் தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். மாமா நேர்வழியில் போகாமல் கோட்டைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். தன் வேலையைப் பார்க்க ஆசை.

முதல் சுவரில் போஸ்டர் இல்லை. யாரோ கிழித்திருப்பார்கள் என்று நினைத்தார். இரண்டாவதில் கதாநாயகியின் கொண்டை மட்டும் இருந்தது. மூன்றாவது சுவரடியில் ஒரு செவலைப் பசு நின்று, கதாநாயகனின் மீசையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் வெள்ளைக் கன்றுக்குட்டி ஒன்று தன் முறைக்குக் காத்திருந்தது. நான் கைதட்டிச் சிரித்தேன்.

எதிரே சாயாக்கடையில் நின்றவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாயாக்கடைக்காரர், "அண்ணாச்சி, படம் கலக்கும் கேட்டோ. பசுவுக்கெல்லாம் முதல் ஷோவே பிடிச்சுப்போச்சு" என்றார். இன்னொருவர், "வில்லனை மட்டும் விட்டுவச்சிருக்கு பாரு, அதுக்கும் நல்லது கெட்டது தெரியும்" என்றார்.

மாமா தூக்குச்சட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "கஞ்சி ஆறிப்போவும், வா" என்றார். மிச்சச் சுவர்களை அவர் போய்ப் பார்க்கவில்லை.

மத்தியானம் மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார். குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார்.

"எடோ, நீ துரிசு இட்டியா, இல்லியா?"

"போட்டேன் சாரே. சரக்கு மோசம்னு நினைக்கேன். கடைக்காரன் பழசை எடுத்துத் தலையில கட்டிட்டான்."

மேனேஜர் நல்ல மனுஷர்தான். "மழைக் காத்தில துரிசு கெட்டுப்போகும், அது நேருதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மலையாளத்தில் நேரு என்றால் நிஜம். "செரி. வேறே கடையிலே வாங்கு. பாக்கி போஸ்டர் தரேன், இன்னைக்கே ஒட்டணும். இன்னொரு தடவை இப்படி வந்தால் நான் முதலாளிக்குப் பதில் சொல்ல முடியாது." குடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

எங்கள் ஊரில் டீச்சரையும் ஸார் என்றுதான் கூப்பிடுவோம். பொய் சொல்லக் கூடாது என்று ஸார் அந்த வாரம்தான் எங்கள் கிளாஸில் சொல்லித் தந்திருந்தார். சொன்ன பாடத்தைச் சொன்னபடி செய்கிற பிள்ளை நான். விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தெளிவாகவே சொன்னேன்.

"மாமா துரிசு போடவே இல்லை. நான் பக்கத்துலதான் இருந்தேன். பொட்டலத்தைக் கையில எடுத்தாங்க, திரும்ப மடிச்சு வச்சுட்டாங்க."

மேனேஜர் நின்றார். என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "நேரா?" என்று கேட்டார்.

மாமா ஒரு தடவைகூட என்னை முறைக்கவில்லை. "அவ சொல்லது சரிதான் சாரே."

"கையில் எடுத்துவிட்டு ஏன் இடல்ல? அதைச் சொல்லு."

மாமா என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த நிம்மதியில் நான் மறுபடியும் விரல் சூப்பத் தொடங்கியிருந்தேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே, "மறந்துபோச்சு சாரே" என்றார்.

வேலையும் போயிற்று, கோட்டாற்றுப் பேச்சும் போயிற்று. அந்தப் பெண்ணைத் தக்கலையில் கொடுத்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். மாமா கொஞ்ச நாளில் ஆரல்வாய்மொழிப் பக்கம் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டார். கல்யாணம் ரொம்ப வருஷம் கழித்துத்தான் நடந்தது.

அம்மா தம்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று நடந்ததோடு முடித்துக்கொள்கிறேன். வந்ததும் அவளுக்கு எல்லாம் சொல்லியாயிற்று. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டே, பொட்டலம் கையில இருக்கு, எடுத்துப் போட என்ன கேடு?"

"மறந்துட்டேன்க்கா."

"மறந்துட்டானாம். ஊர்ப் பசுவுக்கெல்லாம் விருந்து வச்சுட்டு வந்து நிக்கான். ஒரு பொண்ணு வாழ்க்கை, உன் வாழ்க்கை, அதெல்லாம் மறந்துபோச்சா உனக்கு? உன்னை நம்பி எதைத்தான் விட்டுட்டுப் போக முடியும்?"

மாமா தொட்டில் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு, நான் ஒட்டின மீன்களை ஒவ்வொன்றாக அதில் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா சொல்வதெல்லாம் நியாயமாகவே எனக்குப் பட்டது. பொட்டலத்தைக் கையில் எடுத்த மனுஷர், அதைப் போடுவதற்குள் எப்படி மறப்பார்? ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் நின்று, பெரிய மனுஷியாகச் சொன்னேன்.

"போனாப் போவுது மாமா. இனிமேலாவது ஞாபகமாப் போடணும்."

மாமா கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "போடுதேன் மக்கா" என்றார்.

ஒரு பெரிய தப்பை மன்னித்துவிட்ட நிறைவோடு நான் விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.