விசாரிக்க வந்தவர்கள்

பரமத்தி வேலூருக்கு நானும் அம்மாவும் போனதற்கு ஒரு காரணமும் இல்லை. இதை இன்றைக்குச் சொன்னால்கூட யாரும் நம்புவதில்லை.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சேலம் போய், நாமக்கல்லில் இன்னொரு பஸ் மாற வேண்டும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரி முடித்து வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். அப்பா லாரி ஓட்டுகிறவர். காஷ்மீர் வரைக்கும் போயிருக்கிறார், ஆனால் எந்த ஊரையும் இறங்கி நின்று பார்த்ததில்லை. அம்மா கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி தவிர வேறெதற்கும் பஸ் ஏறியதில்லை. படித்தவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கிறார்கள், நாமும் பார்ப்போம் என்று அவளைக் கிளப்பியது நான்தான். காவிரிக்கரையில் பழைய கடைவீதி, வெற்றிலை மண்டிகள், படித்துறை. ஒரு நாள் முழுக்க அவசரமில்லாமல் நடப்பது என் திட்டம்.

"அங்க யாரு இருக்கா?" என்று பஸ்ஸில் மூன்று தடவை கேட்டாள் அம்மா.

"யாரும் இல்ல. சும்மா பாக்கப் போறோம்."

"சும்மா பாக்க வந்தோம்னா யாருடி நம்புவா?"

பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே ஒரு டீக்கடை. அங்கிருந்து வீதி ஆற்றை நோக்கி இறங்கியது. டீ சொன்னோம்.

"எந்தூருங்க?" என்றார் கடைக்காரர்.

"சேலம் பக்கம்."

"என்ன சோலியா வந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஒரு விசயமா விசாரிச்சுட்டுப் போலாம்னு வந்தோம்." சும்மா வந்தோம் என்று சொல்ல அவளுக்கு வெட்கம்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். எடுத்த டம்ளர்களை வைத்துவிட்டு வேறு இரண்டை எடுத்து வெந்நீரில் நன்றாக அலசினார். "மூலை வெத்தலை மண்டிதானுங்களே? பொண்ணையே நேர்ல கூட்டியாந்துட்டீங்க. காலம் மாறிப்போச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

"பையன் தங்கமானவனுங்க. சோலியில குத்தஞ் சொல்ல முடியாது. ஆனா..." என்று நிறுத்தி, என் டீயை இன்னொருமுறை ஆற்றினார். "ஆத்து விசயம் உங்க காதுக்கும் வந்திருக்குமே?"

"ஆத்தைப் பாக்கத்தான் வந்தோம்" என்றேன்.

"அதுதான் சரிங்க. எல்லாத்தையும் பாத்துட்டே முடிவு பண்ணுங்க."

வீதியில் இறங்கினோம். ஓட்டுக் கூரைகளுக்குக் கீழே ஈரச் சாக்குகளின் மேல் வெற்றிலை, நூறு நூறாகக் கட்டிய கவுளிகளாக அடுக்கியிருந்தது. நான் போட்டோ எடுத்துக்கொண்டே போனேன். நின்ற இடத்திலெல்லாம் பேச்சும் நின்றது. பூ விற்கிற அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "கண்டவங்க பேச்சைக் கேக்காத சாமி. கன்னுக்குட்டியத் தண்ணி இழுத்துட்டுப் போச்சு, அதப் புடிக்கத்தான் குதிச்சான். அப்படி மனசு அவனுக்கு." யாருக்கு என்று கேட்பதற்குள் என் தலையில் ஒரு முழம் மல்லிகை ஏறியிருந்தது. நாலு கடை தள்ளி, வாழைத்தார்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்குக் கொஞ்சம் போட்டிருந்தான்னு பேச்சுங்க. நான் கண்ணால பாக்கலை. எம்பேரு வெளிய வரவேண்டாம்."

இந்த ஊரில் எத்தனை பேர் ஆற்றில் விழுந்திருக்கிறார்கள்? படித்துறையில் உட்கார்ந்ததும் அதைத்தான் அம்மாவிடம் கேட்டேன்.

அவள் கால்களைத் தண்ணீரில் விட்டிருந்தாள். "ஒருத்தன்தான். உனக்குப் பாத்திருக்கற மாப்பிள்ள" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் பெண்வீட்டார் மாப்பிள்ளையின் தெருவுக்குப் போய் நாலு கடையில் விசாரிப்பார்கள். இந்த வீதி அப்படி யாரையோ எதிர்பார்த்திருக்கிறது. டீக்கடையிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டதாம். இவ்வளவு படித்தும் எனக்குப் புரியவில்லையே என்று கோபம் வந்தது.

"ஏன் சொல்லல? இப்பவே போய் உண்மையச் சொல்லிடலாம்."

போக வேண்டியிருக்கவில்லை. வீதி முனைக்கு வந்ததுமே மூலை மண்டி வாசலில் நின்ற பெண், "வாங்க, உள்ள வாங்க" என்றார். அம்மாவின் வயதுதான் இருக்கும். உள்ளே போன வேகத்தில் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: நாங்கள் பெண்வீட்டார் இல்லை, ஊர் பார்க்க வந்தவர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு சாக்கின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். "ஏழு எடத்துல இருந்து வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க சாமி. ஒருத்தரும் திரும்ப வரலை. இந்த வாரம் இன்னொரு எடம் வருதுன்னு புரோக்கர் சொன்னாரு. எம்பையனுக்கு முப்பத்தஞ்சு ஆச்சு. இதுவும் போச்சுன்னா இனிப் பாக்கவேண்டாங்கறான்." என் முகத்தைப் பார்த்தார். "வீதியில என்ன பேசறாங்கன்னு எங்ககிட்ட யாரு சொல்லுவா? நீங்க அன்னியந்தானே. நீ சொல்லலாமில்ல?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்துல விழுந்ததச் சொன்னாங்க. மூணு பேரு, மூணு மாதிரி."

"குடிச்சிருந்தான்னுமா?"

"ஒருத்தர் சொன்னாருங்க." யார் என்று நான் சொல்லவில்லை.

"நீ எதை நம்பற?"

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவள் என்று எனக்கு வீட்டில் பெயர். அன்று நான், "நெசமா என்னதாங்க நடந்துச்சு?" என்று திருப்பிக் கேட்டேன்.

"எனக்கும் தெரியாது. அவனும் சொல்லலை, நானும் கேக்கலை."

அப்போது அவர் மகன் தோளில் ஒரு கட்டோடு உள்ளே வந்து, எங்களைக் கண்டதும் தயங்கினார். "ஊர் பாக்க வந்தவங்கப்பா" என்றார் அவருடைய அம்மா.

"அப்படிங்களா? அப்பக் கடைசிப் படித்துறைக்குப் போங்க. பாலம் அங்கிருந்து நல்லாத் தெரியும். பாசி வழுக்கும், பாத்து எறங்குங்க." அந்த ஊரிலேயே எங்களை உடனே நம்பியவர் அவர்தான். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு கவுளியை வாழைமட்டையில் சுற்றி என் கையில் கொடுத்தார். வழுக்கும் என்றபோது அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை.

கடைசிப் படித்துறைக்கும் போனோம். உச்சிவெயில் தாழும்வரை பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். திருச்செங்கோட்டு பஸ்ஸிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் இறங்கினார்கள். அந்த அம்மாவின் கண் என் கையிலிருந்த வாழைமட்டையில் விழுந்தது.

"ஏம்மா, மூலை வெத்தலை மண்டியில வாங்கினதுங்களா? அந்தப் பையன் எப்படிங்க?"

மூன்று பேர் பேச்சும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தது. நான் உண்மையை மட்டும் சொன்னேன். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நாங்க சும்மா ஊர் பாக்க வந்தோம்."

அவர் கணவரைப் பார்த்தார். "சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார் கணவர் மெதுவாக. "என்னமோ இருக்குது." இருவரும் டீக்கடைப் பக்கம் திரும்பினார்கள்.

என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. "இல்லீங்க, நல்ல பையனுங்க!" என்று கத்தினேன். அது அப்படியே டீக்கடைக்காரர் சொன்ன 'தங்கமானவனுங்க' போல ஒலித்தது. அவர்கள் நின்றார்கள். அடுத்து வரப்போகிற 'ஆனா'வுக்காகக் காத்திருந்தார்கள்.

"படித்துறையில பாசி வழுக்கும், பாத்துப் போங்கன்னு சொன்னாருங்க" என்றேன். எனக்கு நேராகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அந்த அம்மா ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் நாமக்கல் பஸ் குறுக்கே வந்து நின்றது. அம்மா என் முழங்கையைப் பிடித்து ஏற்றினாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் இரண்டு டம்ளர்களை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தார்.