ஈரத்தோடு நின்ற ஆண்கள்

போன சனிக்கிழமை ஒரு ஹொக்கி அணி முழுவதையும் ஈரத்தோடு நிற்க வைத்தேன். வேண்டுமென்றேதான்.

பதற வேண்டாம். ஒருவருக்கும் தடிமன் பிடிக்கவில்லை. ஆனால் கதை கனடாவில் எங்கள் ஸ்காபரோ முழுக்கக் கால் முளைத்துத் திரிகிறது. தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்க விடுகிறார்கள் இல்லை. "அக்கா, மெய்யோ?" என்று கேட்கிறார்கள். ஒருவரின் கதையில் நான் பொலிஸுக்கே போய் வந்துவிட்டேனாம்!

ஆகவே நானே எழுதிவிடுகிறேன். ஆறுதலாகத்தான் எழுதுவேன். அவசரக்காரர்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலனைப் பாருங்கள்.

என் வேலை துவாய் வேலை. பனித்தரையில் சறுக்கி விளையாடுகிற அரங்கு ஒன்றின் நிலக்கீழ் அறையில் துவாய் தோய்த்து, காயவைத்து, மடித்து, ஆட்டம் முடிந்ததும் தள்ளுவண்டிலில் கொண்டுபோய்க் கொடுப்பது. உது ஒரு வேலையோ என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பேன் – ட்ரையரில் இருந்து அப்போதுதான் எடுத்த துவாய்க் குவியலுக்குள் முகத்தை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? வெளியே குளிர் காதை அறுக்கும். இங்கே மெத்தென்ற சூடு... கண் தானாக மூடும்.

ஆட்டம் தொடங்க முதல் சிலவேளை மேலே ஏறிப் போவேன். ஒருவருமில்லாத அரங்கு. வெள்ளைத் தரையில் இருந்து மெல்லிய பனிப்புகார் எழும்பி அசையாமல் நிற்கும். விளக்குகள் அதற்குள் மிதக்கும். நிற்கிற இடம் நிலமோ வானமோ என்று பிடிபடாது. அந்த நேரம் யாராவது என் பெயரைக் கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வேன்.

பிறகு மணி அடிக்கும். சனம் வரும். நான் துவாயிடம் திரும்பிவிடுவேன்.

ஆட்டக்காரர்கள் உடுப்பு மாற்றுகிற அறைக் கதவில் ஒரு பலகை தொங்கியது. இங்கிலீஷ் எழுத்து எனக்கு எட்டாது. சப்பாத்தைத் துடைத்துவிட்டு வா என்று எழுதியிருக்கும் என்று நானே தீர்மானித்தேன். குளிர்காலம் முழுக்கக் காலை வடிவாகத் துடைத்துவிட்டு உள்ளே போனேன். வாசலில் ஒரு தரம் செருமுவேன். ஆண்கள் குளிக்கிற பக்கம் போகிற பெண் செருமிக்கொண்டுதான் போக வேண்டும் – எங்கள் பழக்கம் அது. பிறகு தலையைக் குனிந்தபடி துவாயைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

உள்ளே எப்படி நிற்பார்கள் என்று எழுத மாட்டேன். பிறந்த கோலம் என்றால் உங்களுக்கு விளங்கும்.

என் செருமலுக்கு அங்கே ஒருவரும் அசைந்ததில்லை. ஒருவரும் மூடிக்கொண்டதில்லை. கதை நிற்காது. சிரிப்பு நிற்காது. "தாங்க் யூ, மிஸிஸ் பி" என்று ஈரக் கை ஒன்று நீளும், அவ்வளவுதான். என் முழுப்பெயர் அவர்கள் வாயில் நுழையாது.

என்னைத் தாய் மாதிரி நினைக்கிறார்கள் என்று எனக்குள் பெரிய பெருமை. நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அந்தப் பெருமையில்தான் ஜேனட் வந்து கல்லெறிந்தாள்.

ஜேனட் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்துக்கு எழுதுகிற பெண். ஆட்டம் முடிந்ததும் ஆண் நிருபர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார்கள். இவள் மட்டும் வெளியே சோடா மெஷினுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நிற்பாள். யாரோ ஒரு ஆட்டக்காரனுக்கு நிச்சயித்த பெண்ணாக்கும், அவனைப் பார்த்து நிற்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். பொறுமையான பிள்ளை என்று மெச்சினேன் வேறு!

ஒருநாள் கேட்டேவிட்டேன். "யூ, வை நோ கோ?"

அவள் கதவுப் பலகையைக் காட்டினாள். ஒவ்வொரு சொல்லாக வாசித்து, விரலால் தன்னைத் தொட்டு, தலையை ஆட்டினாள்.

பெண்களுக்கு அனுமதி இல்லை.

நான் பலகையைப் பார்த்தேன். என் சப்பாத்தைப் பார்த்தேன். இவ்வளவு காலமும் இதற்குக் கீழால்தானே போய் வந்தேன்!

ஜேனட் ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். ஆட்டம் முடிந்த கையோடு சொல்கிற சொல்லில்தான் சூடு இருக்குமாம். குளித்து, தலை வாரி, டை கட்டி வெளியே வருகிறவனிடம் "நல்ல ஆட்டம், நன்றி" தவிர வேறொன்றும் வராதாம். சிலர் அதுவும் சொல்லாமல் பின்கதவால் போய்விடுவார்களாம்.

"பேப்பர்ப் பெரியவர் சொல்லிப்போட்டார்," என்றாள். அவளுடைய இங்கிலீஷை என் தமிழில் தருகிறேன். "சனிக்கிழமை கப்டன் டேவ் வாயால ஏதாவது உருப்படியாக் கொண்டு வரவேணும். இல்லாட்டி திங்கள் தொடக்கம் நான் சமையல் பக்கம். எனக்கு முட்டை அவிக்கவே தெரியாது, மிஸிஸ் பி!"

சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

இதை வீட்டில் வந்து சொன்னது என் பிழை. டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மெண்டில் என் வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். கோப்பை பாதி வழியில் நின்றது.

"இஞ்சேரும்... நீர் துவாய் தோய்க்கிற வேலை எண்டெல்லோ சொன்னனீர்?"

"ஓம். தோய்ச்ச துவாயை ஆகாயத்திலயோ எறியிறது? கொண்டுபோய்க் குடுக்கத்தானே வேணும்."

"அவங்கள் உடுப்பில்லாமலோ நிக்கிறாங்கள்?"

"குளிச்சிட்டு வாற மனிசர் கோட்டுச் சூட்டோடயோ நிப்பினம்?"

கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "இடுப்பில கட்ட ஆளுக்கொரு சாரம் வாங்கிக் குடுத்தால் பிரச்சினை முடிஞ்சுது. எங்கட ஆக்கள் நடு றோட்டில நிண்டு சாரத்துக்குள்ளால உடுப்பு மாத்துவாங்கள். ஒரு காகத்துக்கும் ஒண்டும் தெரியாது."

"அவங்கள் அதைக் கழுத்தில கட்டிக்கொண்டு நிப்பாங்கள்."

"எண்டாலும் உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

இதை அவரும் வாசிப்பார். வாசிக்கட்டும்.

சனிக்கிழமை மத்தியானம் வேலைக்குப் போகிற பஸ்ஸில் யன்னல் கண்ணாடி முழுக்கப் புகை பிடித்திருந்தது. வெளியே பனி பஞ்சு பஞ்சாக இறங்கியது. கட்டிடங்கள் கரைந்து கரைந்து போயின. எனக்கு ஒரு யோசனை. எங்கள் கோயிலில் ஆண் சட்டையைக் கழற்றாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். இங்கே ஆண் சட்டையைக் கழற்றிவிட்டான் என்று பெண்ணை உள்ளே விடுகிறார்கள் இல்லை. தோல் ஒன்றுதான். வாசலில் நிற்கிறவர் நினைப்புத்தான் வேறு வேறு... இப்படியே யோசித்து இறங்க வேண்டிய தரிப்பைத் தவற விட்டேன். திரும்பி நடந்து போனேன்.

அன்று எங்கள் அணி வென்றது. கடைசி நேரத்தில் கப்டன் டேவ் அடித்த கோல். மேலே சனம் கூரையைப் பிரிக்க, நான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கதவுக்கு முன்னால், உள்ளே போக வழியில்லாமல் நிருபர் கூட்டம். வாசலில் மனேஜர் ஹார்வி, வாயில் சுயிங்கம். அவருக்கு நேரே ஜேனட்.

"பத்து நிமிஷம் போதும். முகத்தை மட்டும்தான் பாப்பன்," என்றாள் ஜேனட்.

"ஏலாது. ஆம்பிளையள் உடுப்பில்லாமல் நிக்கினம். அவங்களுக்கும் ஒரு மானம் மரியாதை இருக்குத்தானே?"

அப்படிச் சொல்லிக்கொண்டே, என்னைக் கண்டதும், பழக்க தோஷத்தில் கதவை எனக்காக அகலத் திறந்து பிடித்தார்!

ஜேனட் கையை நீட்டி என்னைக் காட்டினாள். "அப்ப இவ?"

ஹார்வி என்னைப் பார்த்தார். சுவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். "இவவோ? இவ பொம்பிளை இல்லை. இவ மிஸிஸ் பி."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

நான் ஐந்து பெற்றவள். கம்பளித் தொப்பிக்குக் கீழே ஒவ்வொரு நாளும் பொட்டு வைத்துக்கொண்டு வருகிறவள். நான் பெண் இல்லையோ? அந்த இடத்தில்தான் எனக்கு வெளித்தது. அவர்கள் மூடிக்கொள்ளாதது என்னைத் தாயாக நினைத்து அல்ல. நிலம் கூட்டுகிற தும்புத்தடிக்கு முன்னால் யாராவது வெட்கப்படுவார்களா?

வண்டிலை நிறுத்தினேன்.

"ஐ லேடி," என்றேன். பலகையைக் காட்டினேன். "நோ கோ. ரூல்."

ஹார்வி முதலில் சிரித்தார். பிறகு வண்டிலைத் தானே தள்ளக் கை வைத்தார். நான் பிடியை விடவில்லை. அவர் பனைமரம் மாதிரி ஆள். ஒரு தள்ளுத் தள்ளினால் நான் சுவரில் ஒட்டியிருப்பேன். ஆனால் சுற்றிவர நிருபர்கள் – எல்லோர் கையிலும் பேனை. கையை எடுத்துக்கொண்டார்.

உள்ளே குளிக்கிற சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

"மிஸிஸ் பி! துவாய்!"

"மிஸிஸ் பீ...!"

ஹார்வி குனிந்து என் காதுக்குள் சொன்னார். "திங்கட்கிழமை உனக்கு இங்க வேலை இருக்காது. விளங்குதோ?"

விளங்கியது. இந்த வயதில் எனக்கு இன்னொரு வேலை யார் தருவார்கள்? வண்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

திறந்த கதவால் வெந்நீர்ப் புகை வழிந்து வந்தது. நடைபாதை நிறைந்தது. ஹார்வியின் கை கால் மறைந்தது, நிருபர்களின் கோட்டுகள் மறைந்தன, முகங்கள் மட்டும் மிதந்தன. துவாய்களின் சூடு என் வயிற்றில் பட்டுக்கொண்டிருந்தது. பயமும் எங்கேயோ தூரத்தில், வேறு யாருக்கோ வந்த பயம் போல...

"வேண்டாம், மிஸிஸ் பி," என்று ஜேனட்டின் முகம் பக்கத்தில் வந்தது. "உங்கட வேலை போயிடும்."

"நீ பேசாமல் நில், பிள்ளை," என்றேன் தமிழில். அவளுக்கு விளங்கியது.

கதவோரம் ஒரு தலை நீண்டது. காதில் சவர்க்கார நுரை. கப்டன் டேவ். "என்ன நடக்குது? இங்க நாங்கள் விறைச்சுச் சாகிறம்!"

ஹார்வி சொன்னார். டேவ் என்னைப் பார்த்தார், ஜேனட்டைப் பார்த்தார், வண்டிலை ஏக்கமாகப் பார்த்தார். உள்ளே திரும்பிக் கத்தினார். "பொடியள்! ஹார்வியின்ர ரூல் வேணுமோ, துவாய் வேணுமோ?"

"துவாய்! துவாய்!" அறை அதிர்ந்தது.

"ரெண்டு பேரையும் விடுங்கோ, ஹார்வி," என்றார் டேவ்.

ஹார்வி சுயிங்கத்தை விழுங்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். விலகி நின்றார்.

நான் உடனே போகவில்லை. முதலில் கதவிடுக்கால் துவாய்களை ஒவ்வொன்றாக உள்ளே நீட்டினேன். எல்லோரும் கட்டிக்கொண்ட பிறகுதான் நிருபர்கள் போனார்கள். ஜேனட்டும் போனாள். நானும் போனேன்.

மூலையில் மெலிந்த ஆட்டக்காரன் ஒருவன். இரண்டு துவாய் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தான். ஜேனட்டுக்குப் பயந்து என்று நினைத்தேன். இல்லை, அவன் என்றைக்கும் அப்படித்தான் என்று பிறகு நினைவு வந்தது. ஆண் நிருபர்கள் நின்றாலும் அந்த மூலைதான். உனக்குக் கூச்சமோ என்று அவனை யார் கேட்டார்கள்? கூச்சம் பொய் இல்லை. அது அவனவன் உடம்பு, அவனவன் உரிமை. ஆனால் அதைக் காக்க ஒரு துவாய் போதுமே! ஒரு பெண்ணின் பிழைப்பைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்த வேண்டுமா?

டேவ் ஆண் நிருபர்களோடு பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜேனட் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கோல் அடிச்ச உடனே ஏன் முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?"

பகிடி நின்றது. டேவ் நீள வாங்கில் உட்கார்ந்தார். முழங்கால் முடிந்துவிட்டது என்றார். இந்த வருஷத்தோடு ஆட்டத்தை விடப் போகிறாராம். மனைவிக்கே இன்னும் சொல்லவில்லையாம். கண்ணால் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. ஜேனட் சொன்னபடியே முகத்தை மட்டும் பார்த்தாள். வீட்டுக்குப் போய் முதலில் மனைவிக்குச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு போடுகிறேன் என்றாள். டேவ் தலையாட்டினார். நான் பழக்கத்தில் நிலத்தைப் பார்த்தேன்.

டேவ் அன்றிரவே மனைவிக்குச் சொல்லியிருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அது பெரிதாக வந்தது. ஜேனட் இன்னும் விளையாட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறாள். கனடாவின் சமையல் தப்பியது.

திங்கட்கிழமை வேலை இருக்குமோ இல்லையோ என்று தெரியாமலே போனேன். அணிக்காரர்கள் ஹார்வியோடு என்ன பேசினார்களோ, நான் கேட்கவில்லை. "புது ஒழுங்கு," என்றார் அவர், என் முகத்தைப் பாராமல். முதலில் துவாய். பிறகுதான் நிருபர்கள் – ஆணோ பெண்ணோ, எல்லோரும் ஒன்றாக.

நேற்று முன்தினம் அடுத்த ஆட்டம். நான் வண்டிலோடு வாசலுக்குப் போக, ஹார்வி கையைக் காட்டி மறித்தார். கதவுக்குள் தலையை விட்டு ஒரு சத்தம் போட்டார் – "லேடி கமிங்!"

ஐயோ, உள்ளே நடந்த கூத்து! வாங்கு ஒன்று புரண்டது. தொப்பி ஒன்று உருண்டது. ஒருவன் மற்றவனின் முதுகுக்குப் பின்னால் ஓட, அவன் கதவுக்குப் பின்னால் ஓட, நடுவில் ஒருவன் பெரிய சப்பாத்து ஒன்றைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, காது சிவக்க நின்றான்.

இந்த வயதில், ஒரு அறை நிறைந்த ஆண்கள் என்னைக் கண்டு வெட்கப்பட்டார்கள்... ஸ்காபரோவில் எந்தக் குமர்ப்பிள்ளைக்கு இந்தக் கொடுப்பினை கிடைத்திருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்!