கிழங்கக்காவின் நாக்கு

ஓட்டலின் பின்பக்கச் சமையலறையில் அவளை எல்லோரும் கிழங்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்து நறுக்குவது அவள் வேலை. நறுக்குவதற்கு முன் ஒவ்வொரு கிழங்கின் நுனியிலும் ஒரு சீவல் சீவிப் பச்சையாகக் கடித்துப் பார்ப்பாள். இனித்தால் அண்டாவுக்கு, கசந்தால் ஓரத்துத் தொட்டிக்கு. கசப்புக் கிழங்கில் விஷம் உண்டு. நாள்கணக்கில் ஊறப்போட்டால்தான் இறங்கும், வெறுமனே அவித்தால் போகாது. அங்கே சாப்பிடும் அத்தனை பேர் உயிரும் அவள் நாக்கு நுனியில் இருந்தது என்றால் மிகையில்லை.

சுற்றுலாக்காரர்கள் வருவதற்கு முன் அந்த ஊரில் ஏழைகளின் வயிற்றை நிரப்பியது இந்தக் கிழங்குதான். கடலைப் பார்க்க வந்தவர்கள் அதன் வறுவலைத் தின்று பார்த்தார்கள். ருசி பிடித்துப்போயிற்று. நல்ல கிழங்கெல்லாம் லாரி ஏறி ஓட்டல்களுக்குப் போக, ஊர்க்காரர்கள் ரொட்டிக்கு மாறினார்கள். ஓட்டல்களுக்கு நல்ல கிழங்கு பற்றாமல் வேலியோரத்துக் கசப்பு ரகத்தையும் பிடுங்கி மூட்டையில் கலக்க ஆரம்பித்திருந்தார்கள் வியாபாரிகள். முன்பெல்லாம் மூட்டைக்கு ஒன்று கசக்கும். இப்போது கூடைக்கு ஒன்று.

கிழங்கக்கா வீட்டு அடுப்பிலும் கிழங்கு ஏறி வெகுநாளாயிற்று. மகளோ மசக்கைக்காரி, கிழங்கு கிழங்கு என்று உயிரை விட்டாள். அதே ஓட்டலில் பரிமாறுகிறவள் அவள். மாஸ்டர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அம்மா ஒதுக்கி வைக்கும் ஒரு கிண்ணம்தான் அவளுக்குச் சொர்க்கம்.

அன்று காலை கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு நேராக வேலைக்கு வந்தாள் கிழங்கக்கா. லீவு கேட்கத் துணிச்சல் வரவில்லை. சீசன் நேரத்தில் லீவு போட்ட ஒருத்தியின் இடத்தில் மறுநாளே வேறு ஆள் நின்றிருந்தாள்.

"என்னக்கா, கன்னத்துல எலுமிச்சம்பழத்த ஒளிச்சு வச்சிருக்கியா?" என்று சிரித்தார் மாஸ்டர். "சீக்கிரம் கைய ஓட்டு. ரெண்டு பஸ் ஆளுங்க வந்து எறங்கிட்டாங்க."

பாதி நாக்கு மரத்திருந்தது. மீதிப் பாதியில் மருந்துப் பஞ்சின் காரம். கடித்தாள், கசக்கவில்லை. அடுத்ததைக் கடித்தாள், அதுவும் கசக்கவில்லை. கடவுள் இன்றைக்குக் கண் திறந்துவிட்டார், எல்லாம் நல்ல கிழங்கு என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். இரண்டு கூடையும் அண்டாவுக்குள் போயின.

மதியம் மரப்பு மெல்ல விலகியது. தோலைக் கூட்டித் தள்ளும்போது காலடியில் கிடந்த ஒரு நுனியை எடுத்துக் கடித்தாள்.

கசந்தது.

இது எந்தக் கிழங்கின் நுனி? ஒன்றா, பத்தா? எல்லாம் வெந்து, வறுபட்டு, தட்டங்களில் ஏறிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தாள். அலமாரிக்குப் பின்னால் மகள் கிண்ணத்தை எடுத்துவிட்டாள்!

"தொடாதடி!" பாய்ந்து பிடுங்கினாள். "வாயில போட்டியா? உண்மையச் சொல்லு!"

"இல்லம்மா, உம்மேல சத்தியமா. என்னாச்சு?"

"உப்பு... உப்பு கூடிப்போச்சு. உனக்கு ஆகாது."

"உப்புக்கா இந்தக் கூத்து?" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் முணுமுணுத்துச் சிரித்த மகள், பெரிய தட்டத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

பெற்ற வயிறு குளிர்ந்தது. இனி வாயை மூடிக்கொண்டால் வேலையும் தப்பும். இத்தனை துண்டுகளில் கசப்பு யாருக்குப் போய்ச் சேரப்போகிறது? சேர்ந்தாலும் யாருக்குத் தெரியும்? கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். முதல் மேசையில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி, தாயின் மடியில் உட்கார்ந்து, வருகிற தட்டத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தைக்கு அதைப் பரிமாறப் போவது தன் மகளின் கை!

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "சாப்பிடாதீங்க! யாரும் சாப்பிடாதீங்க!"

வந்தவர்களுக்குப் பாஷை புரியவில்லை. மகள் கையிலிருந்த தட்டத்தைக் கிழங்கக்கா ஓங்கித் தட்டிவிட்டாள். வறுவல் தரையெங்கும் சிதறியது.

"அக்கா! உனக்கென்ன பைத்தியமா?" மாஸ்டர் ஓடிவந்தார்.

"பல்லு புடுங்கினேன் மாஸ்டர். ருசியே தெரியல. தெரிஞ்ச மாதிரி நடிச்சிட்டேன். கசப்பு கலந்துபோச்சு."

மாஸ்டரின் முகம் வெளுத்தது. உள்ளே போய் அண்டாவைக் கவிழ்த்தார். வந்தவர்களுக்கு அன்று ரொட்டிதான்.

வேலை போகவில்லை. ஆனால் இனிமேல் கிழங்குப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று உத்தரவு. மறுநாள் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றாள். கிழங்குக் கூடை முன்னால் மாஸ்டரே உட்கார்ந்திருந்தார். ஓயாமல் புகையிலை மெல்லுகிற வாய் அவருடையது. அவர் ஒவ்வொன்றாகக் கடிக்கக் கடிக்க, இவள் தட்டைத் தேய்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், நல்லா மென்னு பாருங்க."

"தெரியுதுக்கா, தெரியுது."

"என்ன தெரியுது?"

மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார்.

அந்த ஒரு கணத்தை அவளால் தாங்க முடியவில்லை. சோப்பு நுரை சொட்டும் கையோடு, உத்தரவையெல்லாம் மறந்து, கிழங்குக் கூடையை நோக்கி நடந்தாள்.