நெற்றியில் வைத்த ரூபாய்

அப்புக்குட்டி! இப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இனி ஆள் இல்லை. உங்களுக்கெல்லாம் அவன் அப்பாவு, கல்கத்தா நாணயச் சாலையில் காசைத் தட்டிப் பார்க்கிறவன். எனக்கு ஒரே தம்பி.

நடுப்பகலில் சேதி வந்தது. நாணயச் சாலையின் வாசல்காவல் தர்வான் எங்கள் காளிகாட் வீட்டு வாசலில் நின்று, அவர்கள் பேச்சில் அக்கா என்பதற்கு, "தீதி" என்றான். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். வேலை பார்க்கும் கல்லின் மேலேயே அப்பு தலை சாய்ந்துவிட்டான். காதைக் கல்லோடு வைத்தபடி கிடந்தானாம். தூக்கம் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை.

வெள்ளியை உருக்கிப் பாளமாக ஊற்றுவார்கள், தகடாக்கி வில்லை வில்லையாக வெட்டுவார்கள், இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து நசுக்குவார்கள் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைசியில் காசு அவனிடம் வரும். கல்லில் போட்டுக் காது கொடுப்பான். உள்ளே கீறல் இருந்தால் சத்தம் எழும்பாது. அதற்கு ஊமை என்று பேர். "ஊமைன்னா உலைக்குத்தான் அக்கா, தயவே கிடையாது" என்பான்.

வீட்டுக்கு வந்தாலும் குடத்தையும் சொம்பையும் சுண்டிக்கொண்டே இருப்பான். "உங்க அத்தான் தலையைச் சுண்டிப் பாரேன்" என்றேன் ஒருமுறை. "வேண்டாம், உள்ள காலி. கணீர்னு கேட்டு ஊரே கூடிடும்." என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டோடு எழுந்து போய்விட்டார்.

புது ராஜாவின் தலை போட்ட ரூபாய் வந்தபோது அப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். ராஜாவின் அங்கியில் பொடியாக ஒரு யானை. தும்பிக்கை குட்டையாக விழுந்ததால் பார்ப்பவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்தது. பன்றி போட்ட காசு தீட்டென்று கடைவீதியில் ஒருவரும் தொடவில்லை. அரசாங்கம் அதைத் திருப்பி வாங்கி உருக்கியது. "நல்ல குரல் உள்ள காசெல்லாம் உலைக்குப் போகுது அக்கா. தப்பிச்சது கொஞ்சம்தான். பார்த்துக்கிட்டே இரு, இதைத் தேடிக்கிட்டு துரைமார் வருவாங்க." எங்கள் அம்மிக்கல்லில் போட்டுக் காட்டினான். சத்தம் கோயில் மணி மாதிரி இழுத்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகுதான் அவன் மாறினான். பகலில் சோறு பிசைந்துகொண்டிருப்பவன் சட்டென்று நிறுத்துவான்.

"இப்ப காசைப் போட்டியா அக்கா?"

"இல்லையே."

"உருக்கின காசெல்லாம் கேக்குது. ஒண்ணு விடாம."

சொல்லிவிட்டுச் சிரிப்பான். நான் சிரித்ததில்லை. எரிகிற அடுப்பை விட்டு எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்காருவேன்.

நம்மவர்கள் போகிறவன் நெற்றியில் ஒரு ரூபாய் வைத்து அனுப்புவார்கள். அன்றைக்கு வீட்டில் இருந்த முழு ரூபாய் அப்பு கொடுத்த அந்த யானை ரூபாய் ஒன்றுதான். சந்தனத்தை இழைத்து ஒட்டவைத்தேன். என் விரலுக்கு அவன் நெற்றியைவிடக் காசு குளிர்ந்திருந்தது. மயானத்தில் தீ மூட்டுகிறவனுக்குத்தான் அந்தக் காசு சேர வேண்டும். அவன் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏ டாக்கா சோல்பே நா" என்று நீட்டிவிட்டானாம். இந்த ரூபாய் செல்லாது என்கிறான். பதிலுக்கு வேறு சில்லறை கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரர் இதைக் கொண்டுவந்தார்.

செத்தவன் நெற்றிக் காசு வீட்டில் தங்கக் கூடாது, கங்கையில் போடு என்கிறார்கள். நாணயச் சாலையிலிருந்து வந்த ஒருவர், இந்த மாதிரிக் காசு சேகரிக்கிற துரை இருக்கிறார், கேட்டதைக் கொடுப்பார் என்கிறார். அவன் சொன்னது நடந்துவிட்டது.

துரைக்குக் காட்டுமுன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று அப்பு போட்ட அதே அம்மிக்கல்லில் போட்டேன். விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன், சத்தமே இல்லை. என் வீட்டுக்காரரும் போட்டுப் பார்த்தார். கீறல் ஒன்றும் கிடையாது.

ஊமைக்கு உலைதான் என்று அவன் சொன்னது நினைவிருக்கிறது. ஆனாலும் உலைக்கும் தரமாட்டேன், துரைக்கும் தரமாட்டேன், கங்கைக்கும் தரமாட்டேன். அவனுடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறேன்.

அப்புக்குட்டி, இதன் சத்தத்தை நீயா எடுத்துக்கொண்டு போனாய்?