மார்க்கர் கால் பட்ட தரைகள்

சம்பளத்துக்குத் தோற்றுக் கொடுப்பவனை டெனிஸ் கிளப்பில் மார்க்கர் என்பார்கள்.

துணைக்கு ஆள் கிடைக்காத அங்கத்தவரோடு பந்தடிக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போகும்போது ஜெயித்த சந்தோஷத்தோடு போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் போன பிறகு கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். மாத்தளை டவுனில் ஒரு பழைய கிளப், அதில் ஒரேயொரு மண் கோர்ட், பத்தொன்பது வருடமாக இதுதான் என் பிழைப்பு. மேலதிகாரியின் பழைய ஜோக்குக்குப் புதிதாகச் சிரித்தவர்களும், கடைக்கு வந்தவர் சொன்ன தப்புக்கெல்லாம் "ஆமாங்க சேர்" போட்டவர்களும் இதை வாசித்தால் ஒன்று சொல்கிறேன். நீங்களும் மார்க்கர்தான், கையில் மட்டை இல்லாததுதான் குறை.

இந்த வருடம் கிளப்பில் ஒரு பேச்சு கிளம்பியது, மண் கோர்ட்டை எடுத்துவிட்டுச் சீமெந்து போடலாம் என்று. சீமெந்துக்குத் தண்ணீர் வேண்டாம், ரோலர் வேண்டாம். அப்படியானால் நானும் வேண்டாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, தெரிந்த தொழில் தோற்பது ஒன்றுதான். அதனால் என் கால் பட்ட தரைகளையெல்லாம் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். அப்படித்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

மண்: ஆடப் பிடித்தது

எங்கள் கோர்ட் புற்றுமண்ணும் செம்மண்ணும் கலந்து இறுக்கியது. பந்து அதில் விழுந்து மெதுவாக, மரியாதையாக எழும்பும். என்னைப் போல வயிறு வைத்தவன் போய்ச் சேரும்வரை காத்திருக்கும். அதனாலேயே எனக்கு மண் பிடிக்கும். இன்னொரு விஷயமும் உண்டு. மண்ணில் பந்து விழுந்தால் முட்டை அளவுக்கு ஓர் அடையாளம் பதியும். கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சண்டை வந்தால், போய்ப் பார்த்தால் தீர்ந்தது.

அந்தப் போய்ப் பார்க்கிற ஆள் நான். எங்கள் டொக்டர் ஐயா டவுனில் பெயர்போன கைராசிக்காரர், நல்ல மனிதர். ஆனால் அவர் அடித்த பந்து வெளியே போகும் என்பதை மட்டும் அவரால் நம்ப முடியாது. இடது புருவத்தை உயர்த்தி என்னைப் பார்ப்பார். நான் ஓடிப்போய்க் குனிந்து, மிகவும் யோசிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டு, சப்பாத்தால் அடையாளத்தை ஒரு தேய் தேய்த்துவிட்டு, "உள்ளே, டொக்டர்" என்பேன். எதிராளி அடித்ததற்குப் புருவம் எழும்பினால் அதே தேய், "வெளியே, டொக்டர்." இது பொய் இல்லை, தொழில் மரியாதை என்று என்னையே நம்ப வைத்திருந்தேன்.

ஒருநாள் இப்படித் தேய்த்துவிட்டு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாரில் வேலை செய்யும் ராஜு கிளாஸ் துடைத்துக்கொண்டே கேட்டான்: "அண்ணே, நீங்க அங்க பந்து பாக்கப் போறீங்களா, சப்பாத்து தொடைக்கப் போறீங்களா?"

புல்: ஆடவே பிடிக்காதது

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை, பங்களாவுக்குப் பின்னால் புல் கோர்ட் வைத்திருந்தார். டொக்டர் ஐயாவை இரட்டையர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். நான்காவது ஆள் இல்லாததால் டொக்டர் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். புல் கோர்ட்டில் நான் அதுவரை கால் வைத்ததில்லை. இருந்தாலும் பத்தொன்பது வருட மார்க்கர் என்று அறிமுகப்படுத்தியபோது, எல்லாத் தரையும் பார்த்தவன் போலத் தலையாட்டி வைத்தேன்.

புல்லில் பந்து எழும்புவதில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. விழுந்ததும் வழுக்கிக்கொண்டு கணுக்காலைத் தேடி வருகிறது. நான் மண் பழக்கத்தில் இடுப்பு உயரத்தில் வீசினேன். முதல் நான்கு பந்தும் எனக்குக் கீழாகப் போய் வேலியில் முட்டின. சம்பளத்துக்குத் தோற்பவன்தான், ஆனால் அன்று யாரும் கேட்காமலே தோற்றேன். போதாக்குறைக்கு முந்தின நாள் மழை, சொக்ஸுக்குள் அட்டை. நான் பிறந்தது தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான், ஆனாலும் அட்டைக்கு அந்த உறவெல்லாம் தெரியவில்லை. வெள்ளைச் சொக்ஸ் சிவப்பாகியது. காயம் பட்ட வீரன் என்று யாராவது நினைப்பார்களா என்று கொஞ்சம் நொண்டியும் பார்த்தேன்.

பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பிய நான்கைந்து பெண்கள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் மூத்தவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "ஏண்ணே, பந்து கீழதானே வருது, நீங்க என்னத்துக்கு ஆகாசத்துல விசுறுறீங்க?"

சீமெந்து: பகல் பன்னிரண்டு மணிக்கு

எங்கள் கிளப்பில் டொக்டருக்கு அடுத்த பெரிய ஆட்டக்காரர் ஹாஜியார். தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம். கோட்டருகே விழுந்த பந்துக்கு அவர் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. "போகட்டும் வாப்பா" என்று அடுத்த பந்தை எடுப்பார். அதனால் என் சப்பாத்துக்கு அவரிடம் வேலை இருந்ததில்லை.

ஒருநாள் தன் வேனில் என்னைத் தம்புள்ளைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெங்காய லொறி இறக்கி முடியப் பகல் பன்னிரண்டு. பக்கத்தில் அவருக்குத் தெரிந்தவரின் ஹோட்டலில் நீலப் பெயின்ட் அடித்த சீமெந்து கோர்ட் இருந்தது. அந்த வெயிலில் கால் வைத்தால் தோசைக்கல்தான். மண்ணில் நாங்கள் கடைசி இரண்டடியை ஓடிக் கடப்பதில்லை, வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைப் பிடிப்போம், பார்க்க அழகாக இருக்கும். ஹோட்டலுக்கு வந்திருந்த வெளிநாட்டுக்காரர் இருவர் நீச்சல் குளத்தோரம் சாய்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் அந்த அழகைக் கொஞ்சம் காட்டலாம் என்று நினைத்தேன்.

வழுக்கினேன். சப்பாத்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. நான் மட்டும் போனேன். இரண்டு முழங்காலிலும் தோல் இல்லை, மட்டை வலைக்கு அந்தப் பக்கம். ஹாஜியார் நிதானமாக நடந்து வந்து, நடுக் கோர்ட்டில் தனியாக நின்ற என் சப்பாத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மார்க்கர், சப்பாத்து இங்க ஈக்குது. நீ எங்க வாப்பா போறே?"

பார்க்க மட்டும்

ஆடுவது வேறு, பார்ப்பது வேறு. என்னைப் பழிவாங்கிய அதே புல்லை டிவியில் பார்த்தால் கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி. எவனோ ஒருவன் குனிந்து கஷ்டப்படுகிறான், எனக்கென்ன. சீமெந்தில் நடக்கும் ஆட்டம் பார்க்க எனக்குப் பிடிக்காது. பந்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தரைக்கு ஒன்றுமே ஆவதில்லை. சேதப்படாத தரையைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது?

மண்ணில் நடக்கும் பெரிய ஆட்டம் என்றால் நான் பாயை விட்டு எழும்ப மாட்டேன். இடையில் ஆட்டக்காரர்கள் உட்காரும்போது நான்கு பேர் வந்து பாய் போன்ற ஒரு வலையை மண்மேல் இழுத்துத் தரையைச் சமப்படுத்துவார்கள், கோட்டைக் கூட்டுவார்கள். அதுதான் எனக்கு ஆட்டம். "மூலையை விட்டுட்டான் பாரு, அந்த இடத்துல தண்ணி பத்தாது" என்று சத்தம் போடுவேன். ஒரு சாயந்தரம் அப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது என் மனைவி இந்திராணி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆட்டக்காரங்க திரும்பி வந்துட்டாங்க. இனி நீங்க எழும்பி வந்து தேங்கா துருவலாம்."

ஒரு செட்

சீமெந்தா மண்ணா என்று கமிட்டியில் கை தூக்கச் சொன்னார்கள். மூன்றுக்கு மூன்று. சீமெந்துக் கட்சிக்குத் தலைவர் டொக்டர். மழை பெய்தால் மண் மூன்று நாளைக்குக் காயாது, சீமெந்து அரை மணித்தியாலத்தில் காயும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மண் கட்சிக்கு ஹாஜியார். அவருடைய முழங்காலுக்குச் சீமெந்து ஆகாது. இரண்டு மாதம் இழுபட்டுக் களைத்துப்போன செயலாளர் கடைசியில், "நீங்க ரெண்டு பேரும் ஒரு செட் ஆடுங்க, ஜெயிச்சவர் சொல்றது சட்டம்" என்றார். நடுவர் யார்? கிளப்பில் சும்மா நின்றவன் நான்தான்.

ஆட்டத்துக்கு முதல்நாள், இரவல் வாங்கிய நகையைப் போல அந்தக் கோர்ட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இரண்டு தடவை ரோலர், புதுச் சுண்ணாம்பு. ஹாஜியார் வெல்ல வேண்டும் என்று முனீஸ்வரருக்குத் தேங்காயும் நேர்ந்தேன். ஹாஜியாருக்காக முனீஸ்வரரிடம் போனவன் மாத்தளையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சாமி கேட்டுவிட்டது. ஆறுக்கு ஆறு என்று சமமாகி, டைபிரேக்கில் இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ஹாஜியார் வெற்றி. அவர் அடித்த பந்து டொக்டரைத் தாண்டி மூலையில் விழுந்தது. டொக்டர் விரலைத் தூக்கி, "மார்க்கர்!" என்றார். ஓடினேன், குனிந்தேன். அடையாளத்தில் பாதி சுண்ணாம்புக் கோட்டின் மேல், பளிச்சென்று. உள்ளே. செட், மண், என் வேலை, எல்லாம் அந்த முட்டை அளவு வட்டத்துக்குள் இருந்தது. முனீஸ்வரருக்கு மனசுக்குள் தேங்காயை உடைத்தேன். வாயைத் திறந்து நிமிர்ந்தேன். எதிரே டொக்டர். இடது புருவம் மெதுவாக மேலே போனது.

என் கால் என்னிடம் கேட்கவில்லை. ஒரு தேய். கீழே பார்த்தால் வெறும் மண். காலுக்குப் பின்னால் போய்ப் பழகிய வாயும், "வெளியே, டொக்டர்" என்று சொல்லி முடித்திருந்தது.

அதற்குப் பிறகு ஹாஜியாருக்கு ஒரு பந்தும் அகப்படவில்லை, வரிசையாக மூன்று புள்ளி போய் டொக்டர் ஜெயித்தார். நான் ரோலருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை, வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. ஹாஜியார் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு தேடி வந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முதுகில் தட்டிச் சொன்னார்: "அது கோட்டுலதான் ஈந்திச்சுன்னு எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும். ஒன்ட காலுக்குத்தான் தெரியல்ல தம்பி."

கதிரை

சீமெந்து போட்டார்கள், பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். ரோலரைத் தள்ளிக்கொண்டு போய் மதிலோரம் விட்டார்கள். மாதக் கடைசிவரை வந்துபோகச் சொன்னார் செயலாளர். முதல் வாரத்திலேயே அவர் தலையில் கை வைக்க வேண்டியதாயிற்று. சீமெந்தில் அடையாளம் விழுவதில்லை. பந்து உள்ளேயா வெளியேயா என்று காட்ட ஒன்றும் இல்லை. இரண்டு பந்துக்கு ஒரு சண்டை, பாதி ஆட்டத்தில் வெளிநடப்பு, பழைய கூட்டாளிகள் இருவர் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் செயலாளர் தச்சரைப் பிடித்து ஆறடி உயரத்தில் ஒரு கதிரை செய்வித்து, என்னை ஏற்றி உட்கார வைத்தார். நான் சொல்வதுதான் முடிவு. சம்பளம் தொடரும்.

முதல் நாள், முதல் ஆட்டம், டொக்டர் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே ஒரு சாண். அவர் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். என் வலது கால் ஆடியது. ஆனால் அது ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, தேய்க்க ஒன்றும் அகப்படவில்லை. கிளப் முழுக்க என் வாயைப் பார்த்தது. இன்றைக்குத் திரும்பவும் வேலை போகிறது என்று நினைத்துக்கொண்டே, உடைந்த குரலில் "அவுட்" என்றேன்.

டொக்டர் கதிரைக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். கோபம் இல்லை. நோயாளி பிழைப்பாரா என்று கேட்க வந்த உறவினரின் முகம். மெல்லிய குரலில் கேட்டார்: "மார்க்கர், இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு பந்துகூட அவுட் போனதில்லையே?"

எந்தத் தரை உனக்குப் பிடிக்கும் என்று யாராவது இப்போது கேட்டால், ஆடவும் பார்க்கவும் மண்ணே போதும், உண்மை பேச மட்டும் எனக்குத் தரையை விட்டு ஆறடி எழும்ப வேண்டியிருக்கிறது என்றுதான் சொல்லுவேன்.