இசைத்தட்டுக்கு எண்ணெய்

சுற்றுகிற எதற்கும் எண்ணெய் வேண்டும் என்று ஓசூரில் லேத் மெஷின் ஓட்டிய எவரும் சொல்வார். அங்கே ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிய என் அப்பா அந்த நம்பிக்கையில் கொஞ்சம் அதிக தூரம் போனவர். தேடித்தேடி வாங்கிய இருபது பழைய இசைத்தட்டுகளுக்கும் வாராவாரம் தேங்காய் எண்ணெய் தடவுவார். தட்டுகள் கன்னங்கரேலென்று மின்னும். வீட்டுத் தூசியெல்லாம் அதில் போய்க் குடியேறும். பாட்டு கரகரத்தால், தட்டுக்கு வயசாகிவிட்டது என்பார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சிங்காரப்பேட்டைப் பெரியப்பா குடும்பத்தோடு வந்தார். அப்பா பெருமையாக நாதஸ்வரத் தட்டை ஓட விட்டார். "என்னாடா இது, பின்னாடி யாரோ கடலை வறுக்கறாங்க?" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அவர்கள் பஸ் ஏறிய பிறகு அம்மாவிடம், "அடுத்த ஞாயித்துக்கெழம அண்ணன் மறுபடி வராரு. அன்னிக்கும் இப்டியே இருந்தா எல்லாத்தையும் பழைய சாமான்காரங்கிட்ட போட்டுடறேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அம்மா வேறொரு கம்பெனியில், சின்னச்சின்ன பாகங்களைக் கழுவிச் சோதிக்கும் பிரிவில் இருந்தாள். எண்ணெய் வேண்டாம் என்று கல்யாணமான நாள் முதல் சொல்லிச் சலித்தவள். சனிக்கிழமை அப்பா முதல் ஷிப்டுக்குப் போனதும், பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரை வெதுவெதுப்பாக்கி, அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டாள். தட்டின் நடுவிலுள்ள காகிதம் நனையாமல் டப்பா மூடியை அழுத்திப் பிடிப்பது என் வேலை. புதுப் பெயிண்ட் பிரஷ்ஷால் கோடு போகும் வழியிலேயே வட்டமாகத் தேய்த்தாள்.

"குறுக்க தேச்சா கீறல் வுழும். போர்வெல் தண்ணி பட்டா உப்பு பூத்துடும்," என்றாள். வழிந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது.

சீக்கிரம் காயட்டுமே என்று நான் ஒன்றை மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். அம்மா ஓடிவந்து பிடுங்கினாள். இன்னும் சற்று விட்டிருந்தால் அது சூட்டில் நெளிந்து அப்பளம்தான். பிறகு எல்லாம் சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் நிழலில் நின்று காய்ந்து, அப்பா வருவதற்குள் உறைக்குள் போய்விட்டன.

ஞாயிறு காலை எண்ணெய்க் குப்பியை எடுத்த அப்பாவை அம்மா அவசரமாகக் கறிக்கடைக்கு அனுப்பினாள். பெரியப்பா வந்தார்; சாப்பாட்டுக்குப் பின் நாதஸ்வரத் தட்டின் மேல் முள் இறங்கியது. வாசித்தவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பெரியப்பா கையிலிருந்த மாம்பழத் துண்டு வாய்க்குப் போகவேயில்லை. "இன்னொரு தடவ போடுடா" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஜெயித்துவிட்டோம்.

"எப்படிடா பண்ண?" என்று கேட்டார் பெரியப்பா.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். "எல்லாம் எண்ணெய்தாண்ணா. வாராவாரம் போட்டதுக்கு இப்பதான் பலன்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். "ஆமாங்க மாமா, எண்ணெய் ஊறி எறங்க இத்தினி வருசம் ஆயிருக்குது" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, அப்பா பக்கம் திரும்பினாள். "இனிமே போட வேணாங்க. போட்டதே ஆயுசுக்கும் போதும்."

அப்பா யோசித்துத் தலையாட்டினார். அதன்பின் அந்தத் தட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டதில்லை.

நாம் கழுவியதை ஏன் சொல்லவில்லை என்று அடுப்படியில் நின்று அழுதேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோற்றுப்போனது தெரியாமல் ஒருத்தி இப்படியா சிரிப்பாள் என்று அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.