பதினாறுக்குப் பதினாறு

பாலையூற்று டொமினிக்கைப் பற்றி யாரை விசாரித்தாலும் நல்லதைத்தான் சொல்வார்கள். திருகோணமலை டொக்யாட்டில் கப்பல் எஞ்சின் பூட்டுகிற பிற்றர் வேலை. குடி கிடையாது, ஞாயிறு பூசை தவறமாட்டான், வாய் திறந்து ஒருவரை ஏசினான் என்ற பேச்சில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்று அந்த மனுஷன் பெண்சாதிக்குச் செய்ததைக் கேட்டால் எவருக்கும் வயிறு எரியும்.

பெண்சாதி மாகிரட் கோயில் பாடற்குழுவில் பாடுகிறவள். எழுபத்தோராம் ஆண்டு அவளுக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. ரேடியோவில் பாட்டுப் போகும்போது, துருவின தேங்காயைப் பாதியில் விட்டுவிட்டு வந்து ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பாள். காது நரம்பு சோர்ந்துகொண்டு போகிறது, மருந்தில்லை, உரத்த சத்தமென்றால் இன்னும் மூன்று நாலு வருஷம் கேட்கும் என்று டொக்டர் கையை விரித்துவிட்டார்.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கைவிட்டுப் போனபோது ஏலத்தில் போன சாமான்களில் பெரிய ஸ்பீக்கர் இரண்டு, தேக்குப் பெட்டியோடு, பட்டணத்து வியாபாரி ஒருவரின் சாமான் மடுவத்தில் கிடந்தன. டொமினிக் அவற்றை வண்டில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். மாகிரட் தூசி துடைத்து, ஒன்றின் மேல் மாதா சுரூபத்தை வைத்தாள்.

“கொஞ்சம் பொறும். இதுக்கு ஏற்ற அம்ப்ளிபயர் ஒண்டு நானே செய்து தாறன்,” என்றான் டொமினிக். “பிறகு நீர் குசினியில இருந்தே பாட்டுக் கேட்கலாம்.”

அவன் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொண்டு அவள் சிரித்தாள்.

எந்த அம்ப்ளிபயர் என்பதில்தான் சனி பிடித்தது. ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் மின்தடை பதினாறு ஓம்ஸ் என்று பொறித்திருந்தது. பட்டணத்தில் ரேடியோ திருத்துகிற ஸெய்னுதீனிடம் ட்ரான்சிஸ்டர் அம்ப்ளிபயர் ஒன்றின் வரைபடமும் அதற்கு வேண்டிய சாமான்களும் இருந்தன. ஒரு கிழமையில் செய்து முடிக்கக்கூடிய வேலை. ஆனால் அது மின்தடை எட்டுள்ள ஸ்பீக்கருக்கென்று வரைந்தது.

“எட்டைப் பதினாறில போட்டால் என்ன நடக்கும் நானா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் டொமினிக்.

“ஒண்டும் எரியாது. சக்தி பாதிதான் வரும். ஆனால் பாதிச் சக்தி எண்டா காதுக்குப் பாதியாத் தெரியாது டொமினிக், கொஞ்சம்தான் குறைஞ்ச மாதிரி இருக்கும். உங்கட வீட்டுக்கு அது தாராளம்.”

டொமினிக் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிட்டான். டொக்யாட்டில் அவன் கற்றது ஒரே பாடம். அச்சும் அது சுழலுகிற புஷ்ஷும் மயிரிழை பிசகினாலும் படகு நடுக்கடலில் நின்றுவிடும். அளவு பொருந்தாத சாமானில் கை வைக்காதே. அச்சுக்குச் சரியான அந்த நியாயத்தை அவன் பெண்சாதியின் காதுக்கும் வைத்தான். காது என்ன இரும்பா, அளவுகோல் வைத்துப் பார்ப்பதற்கு?

வேறொரு வரைபடம் அவனிடம் இருந்தது. வால்வு அம்ப்ளிபயர். அதன் டிரான்ஸ்போமரில் பதினாறுக்கென்றே தனியாக ஒரு முனை உண்டு. பதினாறுக்குப் பதினாறு, முழுச் சக்தி. ஆனால் அந்த டிரான்ஸ்போமர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அப்போது செத்தல் மிளகாய்க்கே இறக்குமதித் தடை போட்டிருந்த காலம்.

டொமினிக் காத்திருந்தான். கப்பல்காரர்களிடம் சொல்லி வைத்தான், கொழும்புக்குப் போகிறவர்களிடம் கெஞ்சினான். ஸெய்னுதீன் இரண்டு தரம் வீடு தேடி வந்தான்.

“இப்போதைக்கு எட்டைப் பூட்டுவம். மற்றது வந்தா மாத்தலாம்தானே? அவவுக்குக் காது இருக்கேக்க கேட்கட்டும்.”

“அரைகுறை வேலை என்ர வீட்டில ஏலாது நானா. அவளுக்குக் குடுக்கிறதைச் சரியாக் குடுப்பன்.”

அன்பினால்தான் சொன்னான். அதுதான் பொறுக்க முடியாதது.

அதற்கிடையில் மாகிரட் சுருதி பிசகிப் பாடத் தொடங்கினாள். இனிச் சனத்தோடு இருந்து பாடுங்கோ அக்கா என்று பாடற்குழுவில் பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு அவள் ரேடியோவுக்கு ஒரு சீலையைப் போட்டு மூடினாள். டொமினிக் கண்டும் காணாதவன்போல, அம்ப்ளிபயருக்கென்று வெட்டிய தகட்டை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்சி மாறி, இறக்குமதித் தடையும் நீங்கி, எழுபத்தெட்டில் டிரான்ஸ்போமர் வந்து சேர்ந்தது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். டொமினிக்குக்கு மட்டும் அது இன்னும் ஆவி பறந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, மாகிரட்டை ஸ்பீக்கருக்கு முன்னால் கதிரையில் இருத்தினான். ஸெய்னுதீனையும் கூப்பிட்டிருந்தான். ரேடியோவின் சீலையை எடுத்து, வயரைக் கொழுவி, சுவிச்சைப் போட்டான்.

வால்வு சூடேறித்தான் சத்தம் வரும், அதற்கு அரை நிமிஷம் செல்லும். முதலில் சின்னச் சிவப்பு விளக்குத்தான் எரிந்தது. மாகிரட் விளக்கைப் பார்த்தாள், புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டத் தொடங்கினாள்.

“ஓம், நல்லாக் கேட்குது,” என்றாள். “முந்தின மாதிரியே கேட்குது.”

ஸ்பீக்கரிலிருந்து இன்னும் ஒரு சத்தமும் வந்திருக்கவில்லை. ஸெய்னுதீன் நிலத்தைப் பார்த்தான்.

கொஞ்சம் பொறுத்துப் பாட்டு வந்தது. துளி இரைச்சல் இல்லை. தெருமுனைவரை ஒழுங்கை முழுக்கக் கேட்டது; அயலவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். மாகிரட்டின் தலை வேறொரு தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

டொமினிக் சத்தத்தைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். கடைசியில் ஒன்றுமே கேட்காதபடி திருகிவிட்டான். விளக்கு மட்டும் எரிந்தது. அவனுடைய மனம் நோகக்கூடாதென்று, அவள் விடாமல் தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தாள்.